போட்டிக்கு டிஸ்க் கோல்ஃப் விளையாட எத்தனை மீற்றர் எறிய வேண்டும்?

வடலிக்காணி, கோண்டாவில்:

வணக்கம். டிஸ்க் கோல்ஃப் விளையாடுகிறவர்கள் இங்கே இரண்டு மூன்று பேராவது இருப்பீர்கள் என்று நினைத்துக் கேட்கிறேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். கோல்ஃப் ஆட்டம்தான். பந்துக்கும் மட்டைக்கும் பதில் கையால் எறிகிற டிஸ்க். குழிக்குப் பதில் சங்கிலி தொங்கும் இரும்புக் கூடை. விழுந்த இடத்தில் நின்று மறுபடி எறிந்து, கடைசியில் கூடைக்குள் போட வேண்டும். எறிவு குறைந்தவருக்கு வெற்றி.

போன நல்லூர்த் திருவிழாவுக்கு நோர்வேயில் இருந்து வந்த அத்தான் மூன்று டிஸ்க் கொண்டுவந்து தந்தார். ஒன்று கூடைக்குக் கிட்ட நின்று போடுகிற பட்டர், ஒன்று நடுத்தரத் தூரத்துக்கு மிட்ரேஞ்ச், ஒன்று தூரம் எறிகிற டிரைவர். டிரைவரில் வேகம் 12 என்று அச்சடித்திருக்கிறது. தொட்ட நாளில் இருந்து விட மனமில்லை. பின்னேரங்களில் முற்றவெளி, ஞாயிறு என்றால் மணற்காட்டுச் சவுக்குத் தோப்பு. திருநெல்வேலியில் ஒரு வெல்டிங் கடையில் பழைய சைக்கிள் றிம் இரண்டையும் நாய்ச் சங்கிலியையும் கொடுத்து ஒரு கூடையும் செய்வித்துவிட்டேன். சங்கிலியில் டிஸ்க் பட்டு விழுகிற சத்தம் கேட்டு ஒழுங்கைச் சிறுவர்கள் எல்லாரும் வேலியில் வந்து நிற்கிறார்கள்.

நான் ஒரு நில அளவையாளரிடம் உதவியாளாக வேலை செய்கிறேன். அதனால் எறிந்த தூரத்தைக் காலடியால் எண்ணிக் குத்துமதிப்பாகச் சொல்வதில்லை, நாடா பிடித்து அளக்கிறேன். டிரைவரில் காற்றில்லாத நேரத்தில் 78 மீற்றர் போகிறது. யூடியூப்பில் பார்த்தால் பெரிய ஆட்கள் 150 மீற்றர் எறிகிறார்கள்.

வாற ஆவணியில் அக்கா வீட்டுக்கு ஒஸ்லோ போகிறேன். அங்கே ஒரு கழகப் போட்டியில் தொடக்கப் பிரிவில் பெயர் கொடுக்கலாம் என்று அத்தான் சொல்கிறார். எம்ஏ4 என்கிற பிரிவு, போட்டிகளில் எறிந்த கணக்கை வைத்துக் கொடுக்கிற தரப்புள்ளி 850க்குக் கீழே இருப்பவர்களுக்கு. எனக்கு இன்னும் தரப்புள்ளியே இல்லை. கையில் மூன்று மாதம் இருக்கிறது. அந்த மூன்று மாதத்தைத் தூரத்துக்குச் செலவழிக்கவா, கூடைக்குப் பக்கத்தில் நின்று பழகவா? 6 மீற்றரில் நின்றால் பெரும்பாலும் உள்ளே போடுகிறேன். 78 மீற்றரோடு போட்டிக்குப் போகலாமா? உண்மையைச் சொல்லுங்கள்.


பருத்தித்துறைப் பந்து:

தம்பி, தூரம்தான். யோசிக்கவே வேண்டாம்.

நான் கிரிக்கெட்காரன், வேகப்பந்து வீசினவன். கனடாவில் அண்ணா வீட்டில் நின்றபோது ரொறன்ரோவில் ஈ.ரி. சீற்றன் பூங்காவில் இதை விளையாடிப் பார்த்தேன். எங்களோடு வந்த ஒரு வெள்ளைக்காரப் பெடியன், இருபது வயது இருக்கும், ஒரே எறிவில் கூடைக்குப் பக்கத்தில் போய் நிற்பான். நாங்கள் இரண்டு எறிந்தும் அவனுக்குப் பின்னால் நிற்போம். அங்கே நின்று நீங்கள் எவ்வளவு திறமாகப் போட்டாலும் அவன் ஒன்று முன்னுக்குத்தான்.

இன்னொன்று. கூடைக்குக் கிட்ட நின்று போடுவதை ஐம்பது வயதிலும் பழகலாம். கை வேகம் இளமையில்தான் வரும். எல்லைக்கோட்டில் இருந்து விக்கெட் காப்பாளர் கைக்கு நேராக எறிகிற பிள்ளையைப் பாருங்கள், அவன் பதினைந்து வயதில் அப்படி எறியத் தொடங்கினவன். முப்பதில் யாரும் அதைப் புதிதாகக் கற்றதை நான் பார்க்கவில்லை. நீங்கள் இளம் ஆள்தானே. இப்போதே கையை வேகமாக்குங்கள், மற்றது தானாக வரும்.


ஒஸ்லோக்காரன்:

தம்பி வடலிக்காணி, உம்முடைய கேள்வியைப் பார்த்து நல்ல சந்தோஷம். நான் சாவகச்சேரி ஆள், இப்போது ஒஸ்லோ. எக்கபேர்க்கில் விளையாடுகிறேன், சின்னப் பிள்ளைகளுக்குப் பழக்கியும் விடுகிறேன்.

பருத்தித்துறைப் பந்து சொன்னதில் பாதிக்கு மேல் எனக்குச் சம்மதம். தூரம் தேவையில்லை, கூடைக்குப் பக்கத்தில் வென்றால் போதும் என்று சொல்கிறவர்களோடு நான் எப்போதும் வாதாடுகிறவன். ஆனால் எந்தத் தூரம் என்று சரியாகப் பிடிக்காவிட்டால் உம்முடைய மூன்று மாதமும் வீணாகப் போய்விடும்.

முதலில், அந்த 78 உம்முடைய மிகச் சிறந்த எறிவு என்று நினைக்கிறேன். போட்டியில் அந்த இலக்கம் உமக்கு உதவாது. பத்து எறிந்தால் எட்டு எங்கே விழுகிறது என்பதுதான் உம்முடைய தூரம். அது 70 ஆக இருக்கலாம், 74 ஆக இருக்கலாம். அதை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

இப்போது 88 மீற்றர் நீளமான ஒரு ஹோலை எடும். ஹோல் என்றால் எறியத் தொடங்கும் இடத்தில் இருந்து ஒரு கூடை வரை. பார் 3, அதாவது மூன்று எறிவில் முடிக்க வேண்டியது. நீர் 74 எறிந்தால் 14 மீற்றர் மிச்சம். கூடையைச் சுற்றி 10 மீற்றரில் ஒரு வட்டம் இருக்கிறது. அதற்கு வெளியே நின்று போடுவது உலகச் சம்பியன்களுக்கே பாதிக்குப் பாதி கிடைக்காத காரியம். ஆகவே நீர் கிட்டக் கொண்டுபோய் வைத்து மூன்றாவதில் முடிப்பீர். உம்மோடு வருகிறவர் கட்டுப்பாட்டோடு 92 எறிகிறவர் என்றால் அவருக்கு 4 மீற்றர்தான் மிச்சம். அவர் இரண்டில் முடிக்கிறார், அதுதான் பேர்டி. அவர் உம்மை விடப் பட்டிங்கில், அதாவது கூடைக்குள் போடுவதில், கெட்டிக்காரர் என்று இதற்கு அர்த்தமில்லை. கிட்ட நின்று போட்டார், அவ்வளவுதான். 80க்கும் 95க்கும் இடையில் ஆறேழு ஹோல் உள்ள மைதானம் என்றால் அந்தப் 18 மீற்றர் வித்தியாசம் ஆட்டத்தையே முடித்துவிடும். சாதாரண மைதானமொன்றில் ஒரு எறிவு ஏறக்குறைய 10 தரப்புள்ளிக்குச் சமம், அதை நினைவில் வையும்.

அதே மைதானத்தில் 125 எறிகிறவர் பயிற்சி செய்து 140 ஆக்கினால்? ஒரு நன்மையும் வராது. எல்லாக் கூடையும் அவருக்கு ஏற்கெனவே எட்டுகிறது. அவருக்கு அந்த 15 மீற்றர் வேலை செய்ய வேண்டுமானால் பெரிய மைதானம் வேண்டும். 250 மீற்றர் பார் 4 ஒன்றில் முதல் எறிவு 100 போனால் மிச்சம் 150, அது யாருக்கும் சுகமாக எட்டாது. முதல் எறிவு 130 போனால் மிச்சம் 120, கைக்குள் வருகிறது. நீர் எத்தனை மீற்றர் எறிய வேண்டும் என்பதை நீர் விளையாடப் போகும் மைதானம் சொல்லும். யூடியூப்பில் வருகிறவர்களின் இலக்கத்தை உம்முடையதோடு ஒப்பிடாதேயும். தொடக்கப் பிரிவுக்காரரை விடுகிற மைதானங்களில் பார் 3 ஹோல்தான் நிறைய.

தூரத்துக்கு இன்னொரு பயன் இருக்கிறது. இதை எல்லாரும் கவனிப்பதில்லை, என்னைக் கேட்டால் இதுதான் பெரியது. 130 எறியக்கூடியவருக்கு 85 மீற்றர் ஹோல் வந்தால் அவர் டிரைவரைத் தொடவே மாட்டார். மிட்ரேஞ்சையோ பட்டரையோ எடுத்து, உடம்பை வருத்தாமல் எறிவார். மெதுவான டிஸ்க் நேராகப் போகும், விழுந்த இடத்தில் நிற்கும், சறுக்கிப் பற்றைக்குள் போகாது. அதே 85க்கு நீர் முழு பலத்தையும் கொட்ட வேண்டும். முழுப் பலத்தில் எறியும்போது கோணம் பிழைக்கும். ஆகவே நீளமாக எறிகிறவர் குட்டை ஹோலிலும் உம்மை விட நேராக எறிகிறார். கை வேகத்தைக் கூட்டு என்று பருத்தித்துறைப் பந்து சொன்னதை நான் இந்தக் காரணத்துக்காகத்தான் ஆதரிக்கிறேன்.

சரி, தூரம் மட்டும் போதுமா என்றால் அதற்கும் சாட்சி இருக்கிறது. உலகத்தில் டிஸ்க்கை மிகத் தூரம் எறிந்தவர் டேவிட் விக்கின்ஸ் ஜூனியர். 2016இல் அமெரிக்காவின் நெவாடாப் பாலைவனத்தில், காற்றைப் பின்னால் வைத்து 338 மீற்றர் எறிந்தார். திறந்த பிரிவின் உலகச் சம்பியன் பட்டியலில் அவர் பெயர் இல்லை. அவருக்கு முன்னர் சாதனையை வைத்திருந்த சைமன் லிசோட்டின் எறிவைப் பார்க்க ஆட்கள் அலைமோதுவார்கள், அவரும் அந்தப் பட்டத்தை எடுக்கவில்லை. 12 தரம் எடுத்தவர் கென் கிளைமோ. அவரை ஆட்கள் நினைவில் வைத்திருப்பது பிழை விடாத ஆட்டத்துக்காக. 2023, 2024 இரண்டு வருடமும் அடுத்தடுத்து எடுத்த ஐசக் றொபின்சனும் தூரத்தால் பெயர் எடுத்தவர் இல்லை. ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். அந்த மட்டத்தில் தூரம் குறைந்தவர் என்று சொல்லப்படுகிறவர்கூட 120 மீற்றருக்கு மேல் சும்மா எறிவார். அதற்குக் கீழே இருந்தால் அந்த வரிசைக்கே வந்திருக்க மாட்டார்.

2021 உலகப் போட்டியைத் தேடிப் பாரும். யூட்டா மாநிலம் ஒக்டன் நகரம், கடைசி ஹோல். போல் மக்பெத் ஒரு எறிவு முன்னால் நிற்கிறார். ஜேம்ஸ் கொன்றட் ஏறக்குறைய 75 மீற்றரில் இருந்து எறிந்த டிஸ்க் நேரே கூடைக்குள் விழுந்தது. சமநிலை. பிறகு மேலதிக ஹோலில் கொன்றட் வென்றார். 75 மீற்றர் உமக்கும் எட்டும் தூரம் என்பதைக் கவனியும். நான் அதை இன்றைக்கும் போட்டுப் பார்க்கிறேன், பார்க்கிற ஒவ்வொரு தரமும் எழும்பி நின்றுவிடுகிறேன்.

இனி ஒரு வேலை செய்யும். அளக்கிற ஆள் நீர், எனக்கு அது பெரிய உதவி. மூன்று டிஸ்க்கையும் பத்துப் பத்தாக எறிந்து அளந்து போடும். நீளத்தை மட்டும் அளக்க வேண்டாம். நேர்கோட்டில் இருந்து இடம் வலமாக எவ்வளவு விலகுகிறது என்பதும் வேண்டும். மூன்று இலக்கத்தையும் பார்த்தால் எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவேன்.


வடலிக்காணி, கோண்டாவில்:

அண்ணை, மிக்க நன்றி. நீங்கள் சொன்னபடி செய்தேன்.

விடியக் காற்று எழும்ப முதல் முற்றவெளிக்குப் போனேன். ஒரு முளை அடித்து, 100 மீற்றரில் எங்கள் சிவப்பு வெள்ளைக் கம்பை நட்டு, நடுவே நூல் பிடித்தேன். ஒவ்வொரு டிஸ்க்கும் விழுந்த இடத்தில் இருந்து நூலுக்குச் செங்குத்தாக அளந்தேன். காணி எல்லை அளக்கும்போது செய்வது அதேதான், அதனால் கை பழகின வேலை.

டிரைவர்: வழக்கமாக 74. அநேகமாக எல்லாம் இடப்பக்கம், 11 இல் இருந்து 16 மீற்றர் வரை விலகல். நான் வலது கைக்காரன், எறிவது பாக்ஹாண்ட், கையை உடம்புக்குக் குறுக்கே கொண்டுபோய் எறிகிற முறை.

மிட்ரேஞ்ச்: 71. விலகல் 7 மீற்றருக்குள்.

பட்டர்: 66. விலகல் 5 மீற்றருக்குள், இரண்டு பக்கமும்.

அளந்து முடிந்ததும் எனக்கே ஒன்று விளங்கியது. கையை விட்டுப் போகும்போது கோணம் 5 பாகை பிழைத்தால் 80 மீற்றரில் 7 மீற்றர் விலகும். அது நீங்கள் சொன்ன வட்டத்துக்குள்தான் விழும். அதே 5 பாகை 120 மீற்றரில் 10 மீற்றருக்கு மேலே போய்விடும், வட்டத்துக்கு வெளியே. அப்படியென்றால் தூரம் கூடக் கூடக் கோணமும் திருந்திக்கொண்டே வர வேண்டும். 120 எறிகிறவர்கள் என்னை விட எவ்வளவு துல்லியமாக எறிய வேண்டியிருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. அந்த ஆட்கள் மேல் மரியாதை கூடிவிட்டது.

இன்னொன்று கேட்க வேண்டும். எட்டு மணிக்குப் பிறகு பண்ணைப் பக்கத்தில் இருந்து சோளகக் காற்று எழும்பிவிட்டது. எதிர்க்காற்றில் மிட்ரேஞ்சை எறிந்தால் வலப்பக்கம் கவிழ்ந்து நிலத்தில் உருண்டு ஓடுகிறது. காற்றைப் பின்னால் வைத்து எறிந்தால் மிதக்காமல் பொத்தென்று இடப்பக்கம் விழுகிறது. இது என் கைப் பிழையா, காற்றின் வேலையா?


மெய்வல்லுநர் ரீச்சர்:

தம்பி, டிஸ்க் கோல்ஃப் நான் விளையாடியதில்லை. பாடசாலையில் தட்டெறிதலும் குண்டு போடுதலும் பழக்குகிறேன், மருமகள் டென்மார்க்கில் இருந்து கொண்டுவந்த டிஸ்க் ஒன்றை என் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்திருக்கிறேன். அதனால் ஒரு விடயம் சொல்ல வருகிறேன்.

தட்டெறிதலில் எங்கள் பாடசாலையிலேயே முதலாவதாக வருகிற பிள்ளை இந்த டிஸ்க்கை எறிந்தபோது தூரம் போகவே இல்லை. மெலிந்த உடம்பு, ஓட்டக்காரி, தட்டெறிதலுக்குப் பெயரே கொடுக்காத பிள்ளை அவளைத் தாண்டி எறிந்தாள். நான் மறுபடி மறுபடி எறியவிட்டுப் பார்த்தேன், அப்படியேதான் வந்தது. காரணம் பிறகு விளங்கியது. பெண்களுக்கான தட்டு 1 கிலோ, ஆண்களுக்கு 2 கிலோ. அதைத் தள்ள உடல் நிறையும் பலமும் வேண்டும். இந்த டிஸ்க் 175 கிராம் அளவுதான். இதற்குப் பலத்தை விட வேகம் வேண்டும், அந்த வேகம் காலில் தொடங்கி இடுப்பு, தோள், முழங்கை, மணிக்கட்டு என்று வரிசையாக வர வேண்டும். பலமான பிள்ளை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் இழுத்தாள். மெலிந்தவள் கையைத் தளர விட்டாள், முன்கால் நிலத்தில் ஊன்றியதும் கை தானாகச் சுழன்று வந்தது.

ஆகவே பருத்தித்துறைப் பந்து சொல்கிற மாதிரி கையை வேகமாக்கு என்று சொன்னால் பிள்ளைகள் தோளால் இழுக்கத் தொடங்குவார்கள். அது தூரம் தராது, முழங்கையையும் தோளையும் கெடுக்கும். நோவு வந்த பிறகும் எறிந்து எறிந்து அந்தப் பருவம் முழுக்கப் போட்டி இழந்த பிள்ளைகள் எல்லா எறிதல் விளையாட்டிலும் இருக்கிறார்கள். முழுப் பலத்தில் எறிவதைக் கிழமையில் இரண்டு நாளோடு நிறுத்துங்கள். மற்ற நாளில் பாதிப் பலத்தில் எறியலாம், கூடைக்குப் பக்கத்தில் பழகலாம். எறிய முதல் உடம்பைச் சூடாக்குவதை விடவே கூடாது.

இன்னொன்று எனக்கு மனதில் கிடக்கிறது. உனக்குக் கை எட்டாது என்று பெண் பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லிவிடுகிறார்கள். ஓன் ஸ்கொகின்ஸ் என்று ஒருவர், தாய்லாந்தில் பிறந்தவர், சின்ன உருவம். பெண்கள் பிரிவில் மிகத் தூரம் எறிகிறவர்களின் வரிசையில் அவர் இல்லை. பட்டிங்கில் அவரை வெல்வது கஷ்டம் என்று மருமகள் காட்டித்தந்தாள். உலகத் தரத்தில் முன்வரிசையில் நிற்கிறார். வேலியில் வந்து நிற்கிற அந்த ஒழுங்கைப் பிள்ளைகளில் பெண் பிள்ளைகளும் இருந்தால் அவர்கள் கையிலும் ஒரு டிஸ்க்கைக் கொடுங்கள் தம்பி.


பருத்தித்துறைப் பந்து:

ரீச்சர் சொன்னதை ஏற்கிறேன். வேகப்பந்திலும் அப்படித்தான், தோளால் வீசுகிறவனுக்கு முதுகு போய்விடும். கையை வேகமாக்கு என்று நான் எழுதியது உடம்பு முழுக்கத்தான், ஆனால் படிக்கிற பிள்ளைக்கு அது விளங்காது.

ஆனால் தூரத்தை விட மாட்டேன். ஒஸ்லோக்காரன் அண்ணையே சொல்கிறார், நீளமாக எறிகிறவர் குட்டை ஹோலிலும் நேராக எறிகிறார் என்று. தம்பி மூன்று மாதத்தில் பட்டிங் பழகி எத்தனை எறிவு மிச்சம் பிடிப்பார்? 6 மீற்றரில் ஏற்கெனவே போடுகிறாரே.


ஒஸ்லோக்காரன்:

தம்பி, உம்முடைய இலக்கங்களைப் பார்த்து நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். எவ்வளவு தெளிவாக அளந்திருக்கிறீர். இங்கே பழகுகிற பிள்ளைகளுக்கும் இதைக் காட்டப் போகிறேன்.

உம்முடைய பட்டர் 66, டிரைவர் 74. எட்டு மீற்றர்தான் வித்தியாசம். வேகம் 2, 3 உள்ள பட்டருக்கும் வேகம் 12 உள்ள டிரைவருக்கும் இடையில் அதை விட எவ்வளவோ இருக்க வேண்டும். 12 என்ற டிஸ்க் அதற்கேற்ற வேகத்தில் கையை விட்டுப் போனால்தான் பறக்கும். அந்த வேகம் உமக்கு இன்னும் வரவில்லை. அதனால் அது பறக்கத் தொடங்க முதலே களைத்து இடப்பக்கம் விழுகிறது. 11 இல் இருந்து 16 மீற்றர் எல்லாம் இடப்பக்கம் என்றால் காரணம் அதுதான். அந்த டிரைவரை உறையில் போட்டு அலமாரியில் வையும். அது தருகிற மூன்று மீற்றருக்காக நீர் மிட்ரேஞ்சின் நேர்கோட்டை இழக்கிறீர். இன்றைக்குப் போட்டி என்றால் மிட்ரேஞ்சோடும் பட்டரோடும் மட்டும் இறங்கும், டிரைவரோடு இறங்குவதை விடக் குறைந்த எறிவில் முடிப்பீர்.

ஆனால் பட்டர் 66 போகிறது, நேராகவும் போகிறது. அந்தக் கையில் தூரம் இருக்கிறது. எனக்கு ஒரு சந்தேகம்: டிஸ்க்கின் முன் விளிம்பு மேலே நிமிர்ந்தபடி போகிறது. அப்படிப் போனால் டிஸ்க் உயர ஏறி, நின்று, இடப்பக்கமாகச் சரிந்து விழும். ஒருவரைக் கொண்டு பக்கவாட்டில் நின்று ஃபோனில் படம் பிடியும். விளிம்பு நிமிர்ந்திருந்தால் மருந்து மணிக்கட்டில் இருக்கிறது. கையைப் பின்னால் கொண்டுபோகும்போது கேத்திலில் இருந்து கோப்பைக்குத் தேத்தண்ணி ஊற்றுகிற மாதிரி மணிக்கட்டைக் கீழே திருப்பும். கட்டைவிரல் டிஸ்க்கின் மேலே அழுத்தமாக இருக்கட்டும். கை வேகம் கூடாமலே பலருக்கு இதில் பத்து மீற்றர் வரை வருகிறது. ரீச்சர் சொன்ன முன்கால் ஊன்றுவதும் அப்படித்தான், அதை ஓடாமல் நின்ற இடத்தில் நின்று பழகும். நின்று எறிகிற தூரம் கூடினால் ஓடி வந்து எறிவது தானாகக் கூடும்.

சோளகம் பற்றிக் கேட்டீர். கைப் பிழை கொஞ்சம், காற்றின் வேலை மிச்சம். வலது கைக்காரர் பாக்ஹாண்டில் எறியும்போது டிஸ்க் மேலிருந்து பார்த்தால் வலஞ்சுழியாகச் சுற்றுகிறது. காற்று அதை வேகமாக உரசும்போது வலப்பக்கம் சாயப் பார்க்கும், மெதுவாக உரசும்போது இடப்பக்கம் சாயும். எதிர்க்காற்றில் டிஸ்க்குக்குத் தான் போவதை விட வேகமாகப் போகிற உணர்வு, அதனால் வலப்பக்கம் கவிழ்கிறது. பின்காற்றில் அதற்கு எதிர்மாறு, மிதப்பும் குறையும். எதிர்க்காற்றுக்குத் தாழ்வாக, இடப்பக்கம் சற்றுச் சாய்த்து எறியும். முழு நிறையுள்ள, லேசில் கவிழாத டிஸ்க் ஒன்று கையில் இருந்தால் அதை எடும். முற்றவெளியில் சோளகத்துக்கு முகம் கொடுத்துப் பழகினவருக்கு ஒஸ்லோக் காற்று பெரிய காற்றே இல்லை. ஆகவே காற்று எழும்பினதும் வீட்டுக்குப் போக வேண்டாம், நில்லும்.

மணற்காட்டுத் தோப்பு உமக்கு ஒரு பெரிய வாய்ப்பு. இங்கே ஹோல்கள் பாதி மரங்களுக்கு நடுவேதான். இரண்டு சவுக்கு மரத்துக்கு இடையால் 50 மீற்றரில் பட்டரை எறியும். மரத்தில் பட்டு நின்றுவிட்டால் 20 மீற்றர் எறிந்த கணக்குத்தான், 140 எறியக்கூடியவருக்கும் அதே 20தான். காட்டுக்குள் நேர்கோடு உள்ளவர் நீளமாக எறிகிறவரை வெல்வதை நான் ஒவ்வொரு கிழமையும் பார்க்கிறேன்.

பருத்தித்துறைப் பந்து, பட்டிங் கணக்கைக் கேட்டீர்கள். 6 மீற்றரில் போடுவது நல்லது. ஆனால் 74 எறிகிறவருக்கு முதல் எறிவுக்குப் பிறகு 6 மீற்றர் மிச்சம் வருகிற ஹோல் குறைவு. அவருக்கு வரப்போவது 15, 20, 25 மீற்றர். அதைக் கூடைக்குப் பக்கத்தில் 3 மீற்றருக்குள் வைக்கத் தெரிந்தால் மூன்றில் முடியும், தெரியாவிட்டால் நான்கு. தொடக்கப் பிரிவில் ஆட்கள் எறிவை இழப்பது பெரும்பாலும் அங்கேதான். ஆகவே தம்பி, பட்டிங் நேரத்தில் பாதியை 20 மீற்றரில் நின்று கிட்ட வைப்பதற்குக் கொடும்.

விதி ஒன்று, தனியாகப் பழகுகிறவர்கள் தவறவிடுவது: 10 மீற்றர் வட்டத்துக்குள் நின்று போட்டால் டிஸ்க்கை விட்ட பிறகு சமநிலையாக நின்று காட்ட வேண்டும், அதற்குப் பிறகுதான் முன்னால் கால் வைக்கலாம். எட்டி விழுந்து போட்டால் தண்டம். நூல் பிடித்து வட்டத்தைக் கீறிவிட்டுப் பழகும்.

ஆகவே உம்முடைய கேள்விக்கு: 78 மீற்றரோடு எம்ஏ4இல் இறங்கலாம், கடைசியாக வர மாட்டீர். மிட்ரேஞ்சில் நேராக 85 வந்தால் அந்தப் பிரிவில் யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை. ஒரே டிஸ்க்கை வைத்து ஒவ்வொரு தரமும் ஓடி எடுத்தால் நேரம் போகும், உம்முடையதைப் போலவே இன்னும் மூன்று பட்டர் வேண்டும். எந்த வகை என்று பெயரைப் போடும், திருவிழாவுக்கு முதல் ஊருக்கு வருகிற ஆள் ஒருவரிடம் கொடுத்துவிடுகிறேன். ஆடிப்பிறப்பு நேரம் மறுபடி முளை அடித்து, அதே கம்பை நட்டு, பட்டரையும் மிட்ரேஞ்சையும் அளந்து இங்கேயே போடும். இரண்டுக்கும் விலகல் 7 மீற்றருக்குள் நின்றபடி நீளம் கூடியிருந்தால், வேகம் 7 அளவில் ஒரு டிஸ்க் பற்றிப் பேசுவோம்.